உப்பும் மழையும்: ஓர் எண்ணத்தை ஊகச் சிறுகதையாக வளர்க்கும் முறை

'மழையை வேண்டிய நேரத்தில் பெய்விக்க முடிந்தால் என்ன ஆகும்?' என்ற ஒற்றை வரி என் குறிப்பேட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அந்த வரியையே கதை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்; உட்கார்ந்து எழுதினால் போதும் என்று நினைத்தேன். எழுதவும் செய்தேன். ஒரு விஞ்ஞானி தன் கண்டுபிடிப்பை அறிவிக்கிறார், ஓர் அமைச்சர் அதைத் தொடங்கி வைக்கிறார், பத்திரிகையாளர்கள் கேள்வி கேட்கிறார்கள், கடைசியில் பெருவெள்ளம் வருகிறது. பதினான்கு பக்கம் வந்த அந்தக் கையெழுத்துப் படியைப் படித்த நண்பர் ஒருவர், "இந்த மழையில் நனைகிற ஆள் யார்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, நடந்திராத வரலாறு என்று பல பெயர்களில் வழங்கும் கதைகள் அனைத்தையும் ஊகக் கதை என்ற ஒரே சொல்லால் குறிக்கிறேன். உலகத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதனால் மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கும் கதை எதற்கும் இந்த முறை பொருந்தும். பொதுவாகப் பேசினால் எதுவும் கையில் நிற்காது என்பதால், மழை பற்றிய அந்த ஒரே எண்ணத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரி வரை எடுத்துச் சென்று காட்டுகிறேன்.

எண்ணத்தின் அடியில் கிடக்கும் பொருள்

ஓர் எண்ணம் தோன்றியவுடன் முதலில் செய்ய வேண்டியது, அது தொடர்பான உண்மையை, எழுதுவதற்கு அல்லாமல் அறிவதற்காகவே படிப்பது. செயற்கை மழை புதிய கனவன்று. 1946ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஷேஃபர், விமானத்திலிருந்து உறைந்த கரியமில வாயுத் துண்டுகளை மேகத்தின் மேல் தூவி, அது பனித்துகள்களாக மாறுவதைக் கண்டார். அதே ஆண்டில் அதே ஆய்வகத்தின் பெர்னார்ட் வானகட், சில்வர் அயோடைடு துகள்களைக் கொண்டும் இதைச் செய்யலாம் என்று கண்டறிந்தார். ஆனால் இவை உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மேகங்களுக்கே உரிய முறைகள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், உறைநிலைக்கு மேலே இருக்கும் மேகங்களுக்கு வேறு வழி வேண்டும். ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து இலட்சம் மேகத் துளிகள் ஒன்றுசேர வேண்டும். அவை சேர்வதற்கு, ஈரத்தை இழுத்துக்கொண்டு விரைவில் பருக்கும் ஒரு துகள் நடுவில் இருந்தால் உதவியாக இருக்கும். அந்தத் துகள் உப்பு. சமையலறையில் இருக்கும் அதே உப்பை மாவாக அரைத்துப் பயன்படுத்த முடியும். ஐக்கிய அரபு அமீரகம் உப்புக் கலவைகளைத்தான் மேகங்களில் தூவுகிறது.

உப்பு என்ற சொல்லைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். என் கதை எங்கே நடக்கிறது என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. உப்பு என்றால் தூத்துக்குடி. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பகுதி தூத்துக்குடிக் கடற்கரையில். உப்பளத்துக்கு மழை எதிரி. பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பை ஒரு மணி நேர மழை கரைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுபோகும். ஆகவே மழையைப் பெய்விக்கும் பொருள், அந்த மழையாலேயே அழியும் பொருளாகவும் இருக்கிறது. உப்பை விளைவிக்கிறவர், தன் விளைச்சலைக் கொண்டே தன் விளைச்சலைக் கரைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக என் குறிப்பேட்டில் கிடந்த வரியில் இந்த முடிச்சு இல்லை. பொருளின் உண்மைத் தன்மைக்குள்தான் அது இருந்தது.

எனவே ஆய்வு எவ்வளவு நாள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு இதுதான்: கையால் தொடக்கூடிய ஒரு பொருள் வந்து, அந்தப் பொருளுக்குள்ளேயே இருவர் நலன் மோதுவது தெரியும் வரையில் படியுங்கள். அது தெரிந்த பின்னும் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பது, பெரும்பாலும் எழுதத் தொடங்குவதற்கான அச்சமே.

ஒரே ஒரு பொய்

உண்மை நிலவரத்தில், உப்பு தூவுவதால் கிடைக்கும் கூடுதல் மழை சொற்பம். கிடைத்ததா இல்லையா என்று அளப்பதே கடினம். கதைக்கு அது போதாது. இங்கேதான் ஊகக் கதை எழுதுபவர் தனக்கு உரிமையுள்ள பொய்யைச் சொல்கிறார். அந்தப் பொய்யை இரண்டு வாக்கியங்களுக்குள் எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். என்னுடையது இது: 'மேகம் திரண்டிருக்கும் நாளில், அரைத்த உப்பைத் தூவினால், குறித்த வட்டாரத்தில் குறித்த மணிக்கு மழை பெய்யும். தொடங்கிய மழையை நிறுத்த யாராலும் முடியாது.'

இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைவிட முக்கியமானது. முதலாவது ஆற்றலைத் தருகிறது. இரண்டாவது அதற்கு வேலி போடுகிறது. மேகம் இல்லாத வானத்தில் மழை வராது என்பதும், பெய்யத் தொடங்கிய மேகத்தைக் காற்று தள்ளிச் செல்லும் என்பதும் இயற்கையே போட்ட வேலிகள். அவற்றை நான் அப்படியே விட்டுவிட்டேன். வேலியில்லாத ஆற்றல் கதையைக் கொன்றுவிடும், ஏனெனில் எந்தச் சிக்கல் வந்தாலும் அந்த ஆற்றலே அதைத் தீர்த்துவிடும் என்று வாசகர் எதிர்பார்ப்பார், எதிர்பார்ப்பதிலும் தவறில்லை.

எழுதும்போது இரண்டாவது பொய்க்கு ஆசை வரும். மழையைக் கணிக்கும் பேசும் இயந்திரம் ஒன்றை வைக்கலாமே, கடல் மட்டம் உயர்ந்துவிட்டதாக வைக்கலாமே என்றெல்லாம் எனக்கும் தோன்றியது. நாவலில் இதற்கு இடம் உண்டு. சிறுகதையில், வாசகர் முதல் பொய்யை நம்புவதற்குச் செலவிடும் பொறுமையே பெரிது. மற்ற எல்லாம் அவருக்குத் தெரிந்த உலகமாக இருந்தால்தான் அந்த ஒன்று உறுத்தும். பேருந்து நேரமும், டீக்கடையும், கூலி கொடுக்கும் சனிக்கிழமையும் மாறாமல் இருக்கட்டும்.

முதல், கரு, உரி

புதிய உலகத்தை எப்படிக் கட்டுவது என்று கேட்டால், பலரும் வரைபடம் போடச் சொல்வார்கள், காலவரிசை எழுதச் சொல்வார்கள். தமிழில் எழுதுகிறவருக்கு இதைவிட நேர்த்தியான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தொல்காப்பியம் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் அந்தப் பொழுதில் இருக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். அங்கே வாழும் மனிதரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். இந்த வரிசையை ஊகக் கதைக்கு அப்படியே பயன்படுத்தலாம்: நம் பொய் முதற்பொருளில் ஒன்றை மாற்றுகிறது, அந்த மாற்றம் கருப்பொருள்களின் வழியே இறங்கி, கடைசியில் உரிப்பொருளில் வந்து தைக்க வேண்டும். முதலிலேயே நின்றுவிடும் கதை அறிக்கையாகிவிடும். கருவில் நின்றுவிட்டால் அது சுற்றுலா.

நிலம் திரிந்தால் வாழ்வும் திரியும் என்ற சிந்தனை நமக்குப் புதியதன்று என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. தனக்கென நிலம் இல்லாத ஒரு நிலம், வேறு நிலங்கள் கெட்டுப்போவதால் உண்டாகிறது. அங்கே பிரிவு என்ற உணர்வு குடியேறுகிறது. நான் அறிந்தவரையில் உலகக் கட்டுமானத்துக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

என் கதையில் மாறியது பொழுது. மழைக்காலம் என்ற ஒன்று கலைந்து, மழை மணிக்கணக்கில் வருகிறது. இதைக் கருப்பொருள் ஒவ்வொன்றிலும் இறக்கிப் பார்த்தேன். தெய்வம்: மழை பொய்த்தால் வீடு வீடாகத் தானியம் வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சும் வழக்கம் என்ன ஆகும்? ஒருவேளை கஞ்சியை இனிமேல் அலுவலகத்து வாசலில் காய்ச்சுவார்களோ? மரம்: பனையில் பதநீர் இறங்குவது கோடையில், கோடையில் மழையைப் பெய்வித்தால் பனையேறியின் பாளை கெடும். விலங்கு: அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர், எந்த இரவில் மழை என்று கேட்டுக்கொண்டு கிடையை மாற்றுவார். பறை: அந்தக் காலத்தில் ஊருக்குச் சேதி சொன்னது தண்டோரா, என் கதையில் அது கைப்பேசிக் குறுஞ்செய்தி. தொழில்: உப்பை மாவாக அரைக்கும் ஆலை, அந்த மாவை ஈரம் படாமல் மூட்டை கட்டும் வேலை, அந்த வேலைக்கு உப்பளத்திலிருந்தே ஆள் எடுக்கும் கங்காணி. யாழுக்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். எட்டையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்தில் ஒன்றுதான் கதைக்குள் வரும், மற்றவை எழுதுகிறவரின் நடையில் நம்பிக்கையாகத் தங்கிவிடும்.

உரிப்பொருளுக்கு வந்தபோதுதான் வியப்பு காத்திருந்தது. உப்பு நெய்தலுக்கு உரியது. நெய்தலின் உணர்வு இரங்கல். வானம் பார்த்த பூமியில் புன்செய் விளைவிக்கும் வாழ்வு முல்லையை ஒட்டியது. முல்லையின் உணர்வு இருத்தல், அதாவது ஆற்றிக் காத்திருத்தல். தூத்துக்குடி மாவட்டத்திலேயே இரண்டும் இருக்கின்றன. கடற்கரையில் உப்பளம், உள்ளே ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் உளுந்தும் கம்பும் பருத்தியும் விளையும் மானாவாரிக் கரிசல். ஒருத்தி மழையால் இழந்து இரங்குகிறாள், ஒருவன் மழைக்காகக் காத்திருக்கிறான். அவர்கள் அண்ணனும் தங்கையுமாக இருந்தால்?

யாருடைய கதை

முதல் படியில் நான் விஞ்ஞானியைத் தேர்ந்ததன் காரணம், எண்ணத்தை விளக்க அவர் வசதியானவர் என்பதுதான். எண்ணத்தை விளக்க வசதியான பாத்திரம், பெரும்பாலும் அந்த எண்ணத்தால் எதையும் இழக்காத பாத்திரம். ஆகவே தேர்வு செய்யும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்: இந்த மாற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்? அவர் கையில் இந்த மாற்றத்தைத் தடுக்கவோ விடவோ ஏதாவது இருக்கிறதா? தடுத்தால் அவருக்கு வேண்டிய யார் துன்பப்படுவார்? விமானி முதல் கேள்வியில் விழுந்தார். அண்ணன் இரண்டாவதில் விழுந்தார். அவர் காத்திருக்க மட்டுமே முடியும். உப்பு மூட்டை கட்டும் தங்கை மூன்றிலும் நின்றாள். அவளுக்குப் பேச்சியம்மாள் என்று பெயர் வைத்தேன்.

பெயர் வைத்த பிறகு அவள் வேலையை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதில் குறுக்கு வழி இல்லை. போய்ப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் அந்த வேலை செய்தவரிடம் கேட்க வேண்டும். உப்பளத்தில் விடியுமுன்னே வேலை தொடங்குகிறது, ஏனெனில் வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியிலிருந்து எழும் கூச்சம் கண்ணைக் கெடுக்கும். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய விடுகிறார்கள்; நீரின் செறிவை மிதவைக் கருவியால் அளந்து, 'டிகிரி' என்று சொல்கிறார்கள். கடல்நீர் மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். இருபத்தைந்தை ஒட்டி உப்பு இறங்கத் தொடங்கும். விளைந்ததைப் பலகையால் வாரி, மேட்டில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். மழைக்காலத்தில் அம்பாரத்தைப் பனையோலையோ தார்ப்பாயோ கொண்டு மூடுகிறார்கள். வார்த்தைகள் முக்கியம்: அவர்கள் 'வாருதல்' என்று சொல்லும் வேலையை நான் 'சேகரித்தல்' என்று எழுதியிருந்தால், உப்பளத்தில் ஒரு நாள் நின்றவர்கூட என் மழையை நம்பியிருக்க மாட்டார்.

கதையின் திருப்பத்தையும் இந்தத் தேடல்தான் கொடுத்தது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். சுத்தம் செய்யாத உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது இன்னும் முன்பே பிசுபிசுக்கும். மழைத்துளியை வளர்ப்பதும் இதே குணம்தான். மாவாக அரைத்த உப்பு மூட்டையின் வாயைக் கடற்கரை இரவில் கட்டாமல் விட்டால், விடிவதற்குள் அது கட்டி தட்டிவிடும்; கட்டி தட்டிய உப்பைத் தூவ முடியாது; மழை வராது. பேச்சியம்மாள் புரட்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு சணல் கயிற்றை முடிச்சுப் போடாமல் விட்டால் போதும். பாத்திரத்தின் தீர்மானம் அவருடைய அன்றாட வேலையின் ஓர் அசைவாக அமையும்போது, வசனம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நிகழ்ச்சிகளை அடுக்குதல்

சிறுகதைக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு தேவையில்லை. அது மிக அதிகமாக அழுத்தும் ஓர் இரவு போதும். நான் தேர்ந்த இரவு சித்திரை மாதத்தில் வருகிறது. பேச்சியம்மாள் வேலை செய்யும் பாத்தியில் உப்பு வார இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மாலையில் குறுஞ்செய்தி வருகிறது: விடிகாலை நான்கு மணிக்கு ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் மழை. அண்ணன் கோடை உழவுக்காக அந்த மழைக்கு மூன்று மாதமாகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. ஓட்டப்பிடாரத்தில் பெய்யத் தொடங்கும் மேகம் விடிவதற்குள் கடற்கரைக்கு வந்துவிடும் என்று அளத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். விமானத்துக்குப் போகும் மூட்டைகளை இரவுப் பணியில் கட்டுகிறவள் அவள்.

இவ்வளவும் முதல் பக்கத்துக்குள் நடந்துவிட வேண்டும். அதன் பின் வரும் ஒவ்வொரு நிகழ்ச்சியும், அதற்கு முன்னால் நடந்ததன் விளைவாக இருக்கிறதா என்று பார்த்தேன். 'பிறகு', 'அதன் பின்' என்ற சொற்களால் மட்டும் இரண்டு காட்சிகள் இணைந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். 'அதனால்', 'இருந்தும்' என்று இணைந்தால் இரண்டும் இருக்கட்டும். ஓரிடத்தில் அவள் மழைக்கஞ்சியை நினைத்துப் பார்க்கும் பத்தி ஒன்றை மிகவும் விரும்பி எழுதியிருந்தேன். அது 'பிறகு' என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே, கஞ்சிக்குத் தானியம் வாங்கப் போன இடத்தில் அண்ணன் பட்ட அவமானமாக மாற்றி எழுதியபோது, அவள் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு அதுவே காரணமாகிவிட்டது.

சொல்லும் விளக்கமும்

ஊகக் கதையில் புதுப் பொருளுக்குப் பெயர் வைப்பது தனிக் கலை. ஒரு பொருளுக்கு எப்போதும் இரண்டு பெயர்கள் இருக்கும்: அதைக் கொண்டுவந்தவர்கள் எழுதும் பெயர், அதனோடு வாழ்கிறவர்கள் சொல்லும் பெயர். பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை முறைவைப்பு என்பார்கள். என் கதையின் அலுவலகம் அதைப் பின்பற்றி 'முறைவைப்பு மழை' என்று எழுதுகிறது. ஊரில் எல்லோரும் 'டோக்கன் மழை' என்கிறார்கள். இந்த இரண்டாவது பெயர் கிடைத்ததும் விளக்கப் பத்திகள் மூன்றை நீக்க முடிந்தது, ஏனெனில் பதிவு, வரிசை, கட்டணம், காத்திருப்பு ஆகிய அனைத்தும் 'டோக்கன்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டன.

பாத்திரங்கள் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கக் கூடாது. அவர்கள் குறைபட்டுக்கொள்ளலாம், பேரம் பேசலாம், கேலி செய்யலாம். தகவல் அதன் வழியே கசியும். தொடக்க வாக்கியத்தை ஒன்பது முறை எழுதிய பின் இப்படி நிலைத்தது: 'டோக்கன் மழை விடிகாலை நாலு மணிக்கு என்று கங்காணி சொன்னபோது, பேச்சியம்மாளின் பாத்தியில் உப்பு வார இன்னும் இரண்டு நாள் இருந்தது.' புதிய உலகம், அவள் தொழில், நேர நெருக்கடி மூன்றும் இதில் இருக்கின்றன; ஒரு சொல்கூட விளக்கம் இல்லை. டோக்கன் மழை என்றால் என்னவென்று வாசகருக்கு அப்போது முழுமையாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு அவர் அரைப் பக்கம் வரை பொறுப்பார். அதற்கு மேல் சோதிக்க வேண்டாம்.

முடிவு

முடிவுகள் மூன்றை எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவள் மூட்டையைக் கட்டாமல் விடுகிறாள், மழை பொய்க்கிறது, அண்ணன் நொந்துபோகிறார். அவள் செய்ததை யாரும் அறிவதில்லை என்பதால், விலை கொடுத்தவர் மாறிவிடுகிறார், கதை அண்ணனுடையதாகிவிடுகிறது. இரண்டாவதில் அவள் கட்டிவிடுகிறாள், மழை பெய்கிறது, கரைந்துகொண்டிருக்கும் பாத்தியின் நடுவே நின்று வானத்தைப் பார்க்கிறாள், நாக்கில் விழும் மழைத்துளி உப்புக் கரிக்கிறது. அழகான முடிவு என்று இரண்டு நாள் மகிழ்ந்தேன். ஆனால் மேகத்தில் தூவும் உப்பு, பெய்யும் மழையின் அளவுக்கு முன் ஒன்றுமே இல்லை. நாக்கு அதை அறிய வழியில்லை. அது நான் ஒட்டி வைத்த பொய்க்கு வெளியே இருக்கும் இரண்டாவது பொய். அதுவரை உண்மையாக எழுதிய உப்பை ஓர் அழகான வரிக்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவது முடிவு மொழியிலிருந்து வந்தது. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி; 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. மழை என்ற ஒரே நிகழ்வு, அண்ணனையும் தங்கையையும் எந்தச் சொல்லுக்குள் வைக்கிறது என்பதே கதையின் உரிப்பொருள் என்று அப்போது புரிந்தது. கடைசி மூட்டையின் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கும்போது அண்ணனிடமிருந்து அழைப்பு வருகிறது. "நமக்கு மழை நிச்சயந்தானா, தங்கச்சி?" என்று கேட்கிறார். அவள் முடிச்சை இறுக்கிப் போடுகிறாள். "ஆமாண்ணே, உங்களுக்கு மழை வந்துரும்" என்கிறாள். அவ்வளவுதான். அண்ணன் அந்தச் சொல்லைக் கவனித்தாரா என்று நான் எழுதவில்லை.

முடிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு விதி எதையும் என்னால் தர முடியாது. ஆனால் ஒரு சோதனை உண்டு: முடிவில் வரும் பொருளோ சொல்லோ கதையின் முதல் பாதியில், முக்கியமில்லாதது போல, ஒரு முறையாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றை இரண்டாம் பக்கத்திலேயே வைத்திருந்தேன். 'நமக்கு' என்ற சொல்லை முடிவு கிடைத்த பிறகு பின்னோக்கிச் சென்று இரண்டு இடங்களில் அண்ணன் வாயில் சேர்த்தேன். வாசகர் முன்னோக்கிப் படிக்கிறார். எழுதுகிறவர் இரு திசையிலும் நடக்கலாம்.

திருத்தம்

முதல் படி நாலாயிரம் சொற்களைத் தாண்டியது; அச்சுக்குப் போனது அதில் பாதிக்கும் சற்று அதிகம். திருத்தத்தை மூன்று தனித் தனி வாசிப்புகளாகச் செய்வது எனக்கு உதவுகிறது. முதல் வாசிப்பில் பொய்யின் வேலியை மட்டும் பார்க்கிறேன்: எங்காவது மேகமில்லாமல் மழை பெய்கிறதா, எங்காவது மழை வசதியாக நிற்கிறதா? இரண்டாவதில் உரக்கப் படிக்கிறேன். மூச்சு முட்டும் வாக்கியமும், யாரும் பேசாத வசனமும் காதில்தான் பிடிபடுகின்றன. மூன்றாவதை நான் செய்வதில்லை. அந்தத் தொழிலை அறிந்த ஒருவரிடம் கொடுக்கிறேன், கதை எப்படி என்று கேட்காமல், எங்கே தவறு என்று மட்டும் கேட்கிறேன். அளத்தில் வேலை பார்த்த அம்மா ஒருவர், என் பேச்சியம்மாள் இரவில் வெறுங்கையால் உப்பு மாவைத் தொடுவதைக் கேட்டுவிட்டு, உள்ளங்கை வெடிப்பில் உப்பு ஏறினால் அவளால் கயிற்றை முறுக்கவே முடியாது என்று சொன்னார். முடிச்சுப் போடும் காட்சியில் அந்த வலியைச் சேர்த்தேன். கதையில் மிகச் சிறந்த வரி அது; என் கற்பனையில் பிறந்ததன்று.

வெட்டியவற்றை எறிந்துவிடாமல் தனிக் கோப்பில் வையுங்கள். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 5000 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. என் கதையின் உலகத்தில் மழைக்காலம் கலைந்துவிட்டதால், அந்தத் தொகை எந்த மாதத்துக்கு உரியது என்று அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம் நடப்பதாக ஒன்றரைப் பக்கம் எழுதி, இரவின் வேகத்தைக் கெடுத்ததால் எடுத்துவிட்டேன். இப்போது குறிப்பேட்டின் புதிய பக்கத்தில், உதவித்தொகைப் படிவத்தில் 'மழை நாள்' என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவர் எதை இழக்கிறார் என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.